ரெஸ்க்யூ பார்டர் கோலியை முயல் வேலைக்குப் பழக்குறது: மணிகிட்ட நான் படிச்ச பாடத்தோட முழு வழிகாட்டி

மணி நான் தத்தெடுத்த ரெஸ்க்யூ நாய், அதாவது பழைய வீட்டை விட்டு வந்து புது வீடு தேடின நாய்; இனம் பார்டர் கோலி, ஆடு மேய்க்குற நாய். அவன் முதல் தடவை முயலைப் பார்த்தப்போ என்ன பண்ணான்னு சொன்னா சிரிப்பீங்க. அப்படியே தரையோட தரையா படுத்து, தலையை நீட்டி, ஒரு முன்னங்காலைத் தூக்கின நிலையிலேயே முறைச்சான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் இல்லைங்க, நான் காபியைக் குடிச்சு முடிச்சு கப்பைக் கழுவிட்டு வந்தும் அதே முறைப்பு. முயல் அது பாட்டுக்குப் புல்லு மேஞ்சுட்டு, போரடிச்சதும் வளைக்குள்ள போயிருச்சு.

நம்ம ஊர்ல சிப்பிப்பாறை, கன்னி நாய்ங்க முயலை எப்படி வெரட்டும்னு சின்ன வயசுல கதை கதையா கேட்டவன் நான், அதனால எனக்கு செம ஏமாற்றம். அப்புறம்தான் புரிஞ்சுது, தப்பு நாய் மேல இல்ல, நான் அவன்கிட்ட எதிர்பார்த்த வேலைதான் தப்பு.

இடத்தைச் சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம், ஜீலாங்குக்கு மேற்கே கொஞ்சம் ஏக்கர் நிலம், அதுல முயல் தொல்லை. வின்செல்ஸி பக்கத்துல இருக்குற பார்வன் பார்க்ங்கிற எஸ்டேட்டுக்குத்தான் 1859 கிறிஸ்துமஸ் அன்னிக்கு தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்துலேர்ந்து 24 முயலை வரவழைச்சாரு, பொழுதுபோக்கா சுடுறதுக்கு. அந்த இருபத்து நாலோட வாரிசுங்கதான் கண்டம் முழுக்கப் பரவி இப்ப என் வேலிக்குள்ளயும் குடியிருக்கு. 1950ல மிக்சோமாடோசிஸ் வைரஸ், 1996ல கலிசி வைரஸ்னு என்னென்னவோ விட்டுப் பார்த்துட்டாங்க, கொஞ்ச வருஷம் குறையும், தப்பிச்சது மறுபடி பெருகும். இங்க முயல் ஒரு பெஸ்ட், அதாவது ஒழிக்க வேண்டிய தொல்லைப் பிராணி, நிலத்துக்காரன் கட்டுப்படுத்தியே ஆகணும்னு 1994 சட்டம் இருக்கு.

தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்க கவனிங்க, அங்க இருக்குறது வேற முயல், வளை தோண்டாத காட்டு முயல், அதை வேட்டையாடுறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் படிச்சுட்டு யாரும் நாயோட கிளம்பிடாதீங்க. நாயைப் பழக்குற பகுதி மட்டும் எந்த ஊருக்கும் உதவும்.

முதல்ல: இந்த நாய்க்கு என்ன வேலை கொடுக்கப் போறீங்க?

ஓநாய் வேட்டையாடும்போது ஒரு வரிசை இருக்கு: கண்டுபிடி, முறை, பதுங்கு, துரத்து, கவ்வு, கொல்லு. மனுஷன் நூத்துக்கணக்கான வருஷமா ஒவ்வொரு நாய் இனத்துலயும் இந்த வரிசையில சிலதை ஏத்தி சிலதை இறக்கி வச்சிருக்கான். பார்டர் கோலியில முறைக்கிறது, பதுங்குறது, துரத்துறது மூணும் உச்சத்துல இருக்கும், கவ்வுறதும் கொல்லுறதும் மழுங்கிப் போயிருக்கும், ஏன்னா ஆட்டைக் கொன்னுபுட்டா மேய்ப்பனுக்கு என்ன லாபம். இன்னிக்கு இருக்குற கோலிங்கள்ல பெரும்பாலானது 1893ல இங்கிலாந்தோட நார்த்தம்பர்லேண்ட் பக்கம் பொறந்த ஓல்ட் ஹெம்ப்ங்கிற ஒரே நாயோட வம்சம். அந்த நாய் குலைக்காம, கடிக்காம, வெறும் பார்வையாலயே ஆட்டை நகர்த்துமாம். மணியோட முறைப்பு அங்கேர்ந்து வந்த சொத்து.

அதனால கோலியை முயலைப் பிடிச்சுக் கொல்லுற நாயா மாத்தப் பார்க்காதீங்க. கிரேஹவுண்ட் கலப்புக்கும் டெரியருக்கும்தான் அது சரிவரும். நான் முதல் ரெண்டு மாசம் "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்"னு அடம்பிடிச்சேன், வீண். கோலி பிரமாதமா செய்யக்கூடியது ரெண்டு வேலை. ஒண்ணு, எந்த வளையில ஆள் இருக்கு, எது காலின்னு மோப்பம் பிடிச்சுக் காட்டுறது. இன்னொண்ணு, மேல புதர்லயும் புல்லுலயும் ஒளிஞ்சிருக்குற முயலைக் கலைச்சு வளைக்குள்ள அனுப்புறது. ரெண்டாவதைக் கேட்டா சில பேருக்கு ஆச்சரியமா இருக்கும், முயலை வெளிய வரவைக்கிறதுதானே வேட்டைன்னு. ஆனா இங்க முயலை நிரந்தரமா குறைக்க ரொம்ப நல்ல வழி, வளைக்கூட்டத்தையே டோசரோ டிராக்டரோ வச்சு ஆழமா கிழிச்சு இடிச்சு மூடுறது, ரிப்பிங்னு சொல்லுவாங்க. அப்ப முயல் உள்ள இருக்கணும். மேல தங்கிட்டா அடுத்த வாரமே திரும்பத் தோண்டிடும். ரிப்பிங்குக்கு முன்னாடி நாயை விட்டு உள்ள வெரட்டுங்கன்னுதான் இங்க விவசாயிகளுக்கே சொல்லிக்கொடுக்குறாங்க, அது மேய்ப்பு நாயோட வேலையேதான்.

எல்லா கோலியும் கடிக்காதுன்னு எழுதித் தரமாட்டேன். பழைய வீட்ல என்ன பழகியிருக்கும்னு தெரியாது. தொல்லைப் பிராணியா இருந்தாலும் தேவையில்லாம வதைச்சா விலங்குவதைச் சட்டம் விட்டுவைக்காது, அதனால நாய் வாயில மாட்டுற முகமூடியும் நீளக் கயிறும் நீங்க நம்பிக்கை வைக்கிற வரைக்கும் கூடவே இருக்கட்டும்.

ஸ்டெப் 1: முதல் மூணு மாசம் முயலே கிடையாது

ரெஸ்க்யூ நாய் விஷயத்துல மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. மூணு நாள் பயந்து ஒடுங்கியிருக்கும், மூணு வாரத்துல வீட்டுப் பழக்கம் புரியும், மூணு மாசத்துலதான் உண்மையான குணம் வெளிய வரும். இது அறிவியல் விதி இல்ல, ஆனா மணி விஷயத்துல அச்சு அசலா நடந்துது.

நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். ரெண்டாவது வாரமே பேடக்குல, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துல, கூட்டிட்டுப் போனேன், சாதாரண காலர், சாதாரண லீஷ். ஒரு முயல் ஓடுச்சு, அவன் பின்னாடி வாங்கின வேகத்துல தலை காலர்லேர்ந்து உருவிருச்சு, போயிட்டான். ரெண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில பக்கத்துப் பண்ணைக்காரர் போன் பண்ணாரு, "உங்க நாய் என் ஆட்டுக்கு முன்னாடி படுத்துக்கிட்டு இருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு. நல்ல மனுஷன். இங்க சட்டப்படி, ஆடுமாடு அடைச்சிருக்குற இடத்துல அவுத்துவிட்ட நாயைப் பார்த்தா பண்ணைக்காரர் சுட்டுடலாம், கேள்வி கேட்க முடியாது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அதனால இந்த மூணு மாசத்துல பண்ண வேண்டியது:

நாய் தோலுக்கு அடியில இருக்குற அடையாள மைக்ரோசிப்ல உங்க பேரும் நம்பரும் மாத்தியாச்சான்னு பாருங்க, பல பேர் மறக்குற விஷயம். உள்ளூர் கவுன்சில்ல நாயைப் பதிவு பண்ணிடுங்க. வெட்கிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட, இடுப்பு, கண்ணு, பல்லு எல்லாம் காட்டுங்க. எம்டிஆர்1 ஜீன் டெஸ்ட் பத்திக் கேளுங்க, கோலி வகை நாய்கள்ல சிலதுக்கு இந்த ஜீன் கோளாறால ஐவர்மெக்டின் மாதிரி மருந்து அதிக டோஸ்ல விஷமாயிடும், பார்டர் கோலியில அது குறைவுதான், ஆனா ரெஸ்க்யூ நாய்க்குக் கலப்பு என்னன்னு யாருக்குத் தெரியும். தோள்பட்டையில மாட்டுற ஒய் வடிவ ஹார்னஸ் வாங்குங்க, பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்குங்க. நைலான்ல பட்டையா வர்றது கையை அறுக்கும், பயோதேன்னு ரப்பர் மாதிரி ஒண்ணு வருது, சேத்துல புரண்டாலும் துடைச்சா போதும்.

ஸ்டெப் 2: புது வார்த்தை, பழைய கசப்பு இல்லாத வார்த்தை

மணிகிட்ட இங்கிலீஷ்ல "டவுன்"னு சொன்னா காதை மடக்கி உடம்பைக் குறுக்கிடுவான். அந்த வார்த்தையோட அவனுக்கு யாரோ என்னவோ பண்ணியிருக்காங்க. சரின்னு தமிழுக்கு மாத்தினேன். படு, நில்லு, வா, போதும், விடு. அஞ்சே வார்த்தை. அவன் வாழ்க்கையில கேட்காத மொழிங்கிறதால எந்தப் பயமும் அதோட ஒட்டியிருக்கல, ஒரே வாரத்துல பிடிச்சுக்கிட்டான். பார்டர் கோலிக்கு வார்த்தை ஒரு பிரச்சனையே இல்லைங்க, அமெரிக்காவுல சேஸர்னு ஒரு கோலி ஆயிரத்துக்கு மேல பொம்மை பேரு கத்துக்கிச்சு, இந்த அஞ்சு எம்மாத்திரம்.

வீட்டுக்குள்ள, அமைதியா இருக்கும்போது ஆரம்பிங்க. அப்புறம் கொல்லைப்புறம், அப்புறம் ரோடு, அப்புறம்தான் பேடக். ஒவ்வொரு இடத்துலயும் பத்துக்கு ஒம்போது தடவை சரியா பண்ணாதான் அடுத்த இடம். விசிலும் சேர்த்துப் பழக்குங்க, காத்து அடிக்கும்போது நம்ம குரல் அம்பது மீட்டர் கூட போகாது, போதாக்குறைக்கு நம்ம கோவமும் பதட்டமும் குரல்ல தெரியும், விசில்ல தெரியாது. நீளமா ஒரே ஊதல்னா படு, சின்னதா மூணு ஊதல்னா வா. முதல்ல விசில், உடனே வார்த்தை, உடனே கோழித்துண்டு, இந்த வரிசையில.

ஸ்டெப் 3: நிக்கிறதுக்குக் கூலி, ஓடுறதுதான்

இந்த ஸ்டெப்புக்கு நான் நாலு மாசம் செலவு பண்ணேன், நீங்களும் அவசரப்படாதீங்க. ஓடுற முயலுக்குப் பின்னாடி போற கோலியை நடுவுல நிறுத்த முடியலன்னா மத்தது எதுவும் வேண்டாம், வீட்லயே பந்து விளையாடலாம்.

ஓடுற ஆசை தலைக்கேறின நாய்க்கு சிக்கன், சீஸ் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு அப்ப வேண்டியது துரத்துறது மட்டும்தான், சரி, அதையே கூலியா கொடுத்துடுவோம். ரெண்டு மீட்டர் குச்சி, நுனியில கயிறு, கயிறு நுனியில பழைய சாக்ஸ். கடையில ஃப்ளர்ட் போல்னு விக்கிறாங்க, மூங்கில் குச்சியே போதும்.

நாயைப் படுக்க வைங்க. சாக்ஸைத் தரையில மெதுவா இழுங்க. எந்திரிச்சா சாக்ஸ் வானத்துக்குப் போயிடும், விளையாட்டு நின்னுடும். படுத்தே இருந்தா, "போ"ன்னு சொல்லி வட்டமா இழுங்க, துரத்தட்டும். ரெண்டு சுத்து ஆனதும் சாக்ஸை அசையாம போட்டுட்டு "படு". முதல்ல படுக்காது, உங்களையும் சாக்ஸையும் மாறி மாறிப் பார்க்கும், காத்திருங்க, ரெண்டாவது தடவை சொல்லாதீங்க. வயிறு தரையில பட்ட அந்த நொடியே "போ", மறுபடி துரத்தல். படுத்தாதான் ஓட்டம் கிடைக்குதுங்கிற சூட்சுமம் மண்டையில ஏறின நாள்ல நாயோட மூஞ்சியே மாறும், நீங்களே பார்ப்பீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், திரும்பித் திரும்பி மூட்டு போயிடும்.

அது பிடிபட்டதும் தூரத்துல படுக்க வைக்கிறது. நாயோட கயிறை வேலிக் கம்பத்துல கட்டிட்டு நீங்க பதினஞ்சு மீட்டர் தள்ளிப் போய் கூப்பிடுற மாதிரி நடந்துட்டு விசில் ஊதுங்க. இது எதுக்குன்னா, படுன்னு சொன்னா நம்மகிட்ட ஓடி வந்து படுக்கணும்னு நாய் நெனைக்கும், கம்பம் அதைத் தடுக்கும், நின்ன எடத்துலயே படுக்கணும்னு தானா கத்துக்கும். படுத்ததும் நீங்கதான் நடந்து போய்க் கூலி கொடுக்கணும், அதை உங்ககிட்ட வரவைக்காதீங்க.

ஸ்டெப் 4: ஆடு, கோழி, வாலபி

முயலுக்கு முன்னாடி மத்ததெல்லாம் நம்ம வேலை இல்லைன்னு புரியணும். வேலிக்கு இந்தப் பக்கம் நீளக் கயிறுல, அந்தப் பக்கம் ஆடு. பார்த்துட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தா கூலி. தூரத்துலேர்ந்து ஆரம்பிச்சு வாரம் பத்து மீட்டர் கிட்ட போங்க. கோலிக்கு இதுதான் முயலை விட கஷ்டம், ரத்தத்துல ஊறின விஷயமாச்சே. வாலபி (சின்ன கங்காரு மாதிரி), எக்கிட்னா (முள்ளு உடம்புல எறும்பு தின்றது) எல்லாம் பாதுகாக்கப்பட்டது, தொடக்கூடாது. வாம்பேட்னு வளை தோண்டுற குண்டுப் பிராணி ஒண்ணு இருக்கு, அதோட வளையில சில சமயம் முயலும் குடியிருக்கும், அந்த மாதிரி பெரிய வளைப்பக்கம் நாயை விடவே விடாதீங்க, வாம்பேட் தன் பின்பக்கத்தால நாயை வளைச்சுவரோட நசுக்கிடும்.

ஸ்டெப் 5: ஆள் இருக்குற வளை எது

முயலோட முடி, புழுக்கை, படுத்த மண்ணு, இதுல கொஞ்சம் எடுத்து ஒரு டப்பாவுல போடுங்க. நாலு பிவிசி குழாய்த் துண்டு தரையில வைங்க, ஒண்ணுல மட்டும் வாசனை. நாய் நடந்துபோகும்போது எந்தக் குழாய்ல மூக்கு ஒரு நொடி தயங்குதோ அங்க "யெஸ்", கூலி. சில நாள் கழிச்சு தயங்கினதும் "படு"ன்னு சேர்த்துக்கோங்க. கொஞ்ச நாள்ல சொல்லாமலே படுக்கும். மணிக்கு இதுக்கு ஒம்போது நாள்தான் ஆச்சு.

அப்புறம் நிஜ வளைக்குப் போங்க, கயிறோடதான். நாய் சொல்றது சரியான்னு எப்படித் தெரியும்? முந்தின நாள் சாயங்காலம் எல்லா வாசல்லயும் காஞ்ச குச்சி ரெண்டு மூணு குறுக்கே சொருகி வைங்க. காலைல எந்த வாசல்ல குச்சி தள்ளிக் கெடக்கோ அங்க நடமாட்டம் இருக்கு. நாய் படுத்த வாசலையும் குச்சி சொல்றதையும் நோட்டுல எழுதி ஒப்பிடுங்க. சிலந்தி வலை கட்டியிருந்தா காலி, புதுமண்ணும் பளபளப்பான புழுக்கையும் இருந்தா குடித்தனம் நடக்குது. குச்சிக்கும் நாய்க்கும் சண்டை வந்தா முதல் மாசம் குச்சியை நம்புங்க, அப்புறம் நாயை.

ஸ்டெப் 6: உள்ள அனுப்புறது

கோலி முதல்ல குழம்பும், ஏன்னா ஆடு பயந்தா கூட்டமா சேரும், முயல் ஆளுக்கொரு திசையில தெறிக்கும். எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்கணும்னு நாய் இங்கயும் அங்கயும் ஓடி நொந்துபோகும். சேர்க்க வேண்டாம், முயலுக்கே வீடு எங்கன்னு தெரியும். பொதுவா வளையிலேர்ந்து இருநூறு முன்னூறு மீட்டருக்குள்ளதான் மேயும், பயந்தா நேரா வளைக்குத்தான் ஓடும். நாய் முயலுக்கும் வளைக்கும் நடுவுல மட்டும் வரக்கூடாது, அவ்வளவுதான்.

அதனால வெளி வட்டத்துலேர்ந்து ஆரம்பிங்க. ப்ளாக்பெரி புதர், விழுந்த மரம், உயரமான புல்லு, எல்லாத்தையும் வெளிலேர்ந்து உள்ளுக்கு வளைஞ்சு வளைஞ்சு அலசிட்டு வாங்க. மேய்ப்பர்கள் கடிகாரச் சுத்துக்கு "கம் பை", எதிர்ச் சுத்துக்கு "அவே"ன்னு சொல்லுவாங்க, நான் வலம், இடம்னு வச்சுக்கிட்டேன். வளைக்கூட்டத்துக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது நீள விசில், நாய் படுத்துடணும். அங்கேர்ந்து முறைச்சா போதும், ஒரு முயலும் வெளிய வராது.

முதல் பத்து தடவை கயிறு தரையில இழுபடட்டும். ஹேர் கிளம்பினா, அதாவது வளை இல்லாத பெரிய முயல், உடனே நிறுத்துங்க, அது பேடக் பேடக்கா ஓடும், நாயும் கூடவே அடுத்த ஊருக்குப் போயிடும்.

துப்பாக்கி பத்தி சுருக்கமா: லைசென்ஸ் உள்ளவங்க மட்டும், நில உரிமையாளர் அனுமதியோட. கோலிங்க பலதுக்கு சத்தம்னாலே ஆகாது, ரெஸ்க்யூக்கு இன்னும் மோசம். மணி முன்னூறு மீட்டர் தள்ளிக் கேட்ட ஒரு வெடிக்கே யூட்டுக்கு (பின்னாடி திறந்த சின்ன சரக்கு வண்டி) அடியில போய்ப் படுத்துக்கிட்டான், அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன். பழக்கித்தான் ஆகணும்னு கட்டாயமில்ல.

உயிர் போற விஷயங்கள்

டென் எய்ட்டி விஷம். முயலுக்கு வைக்கிற இரையில இருக்கும், நாய்க்கு ரொம்பக் கொஞ்சமே போதும், மாத்து மருந்து கிடையாது. விஷம் தின்னு செத்த முயலைத் தின்னாலும் அதே கதிதான், செத்துப் பல நாள் ஆனாலும் சடலத்தை நம்பக்கூடாது. பக்கத்து நிலத்துக்காரங்க இரை வைக்கிறாங்களான்னு கேட்டுட்டுத்தான் கிளம்பணும், போர்டு இருக்குற இடத்துக்குள்ள போகவே கூடாது. கூடை மாதிரி முகமூடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணி குடிக்கவும் இடம் விடுறது, அதைப் பழக்குங்க. உள்ள வேர்க்கடலை வெண்ணெய் தடவி வச்சா தானா மூக்கை நுழைக்கும், ஆனா டப்பாவுல சைலிட்டால்ங்கிற இனிப்பூட்டி இல்லைன்னு படிச்சுப் பார்த்து வாங்குங்க, அதுவும் நாய்க்கு விஷம்.

பாம்பு. ஈஸ்டர்ன் பிரவுனும் டைகர் ஸ்நேக்கும் முயல் வளையில ஜாலியா குடியிருக்கும். வெயில் காலத்துல மூக்கை வளைக்குள்ள விட அனுமதிக்காதீங்க, வாசல்ல நின்னு மோந்தா போதும். கடிபட்ட நாய் திடீர்னு சுருண்டு விழுந்துட்டு உடனே எந்திரிச்சு நல்லா இருக்குற மாதிரி நடிக்கும், சரியாயிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க, நடக்க விடாம தூக்கிட்டு நேரா வெட்கிட்ட போங்க.

சூடு. கோலி தானா நிறுத்தாது. சில கோலிங்களுக்கு அஞ்சு பத்து நிமிஷம் வெறித்தனமா ஓடினாலே கால் பின்னி, தள்ளாடி, கண்ணு வெறிச்சுப்போற ஒரு கோளாறு உண்டு, பார்டர் கோலி கொலாப்ஸ்னே பேரு. தள்ளாட்டம் கண்ணுல பட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுது, நிழல், தண்ணி, ஓய்வு, அப்புறம் வெட்.

புல்லு விதை, குறிப்பா பார்லி கிராஸ், காதுக்குள்ளயும் விரலிடுக்குலயும் ஏறி உள்ளயே பயணம் பண்ணும். வீட்டுக்கு வந்ததும் தினமும் விரல் விரலா பாருங்க. நாடாப்புழு மருந்து வெட் சொல்ற இடைவெளியில கொடுங்க, முயல் குடலைத் தின்ன விடாதீங்க.

ரிப்பிங் அன்னிக்கு

கோடையோட கடைசி நல்ல சமயம், மண்ணு காஞ்சிருக்கும், முயலும் குறைவா இருக்கும், இனப்பெருக்கம் இன்னும் சூடுபிடிச்சிருக்காது. ஆனா பாம்பும் சூடும் அப்பத்தான் உச்சம், அதனால விடிஞ்ச உடனே நாயோட வேலையை முடிச்சுடணும். நாங்க சுத்தி அலசி முடிக்க நாப்பது நிமிஷம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை தண்ணி இடைவேளை. அப்புறம் நாயை யூட்ல ஏத்தி நிழல்ல, ஜன்னல் திறந்து, இன்னொரு ஆள் காவல்ல விட்டுட்டுத்தான் டோசரைக் கூப்பிடணும். வெளி வாசல்லேர்ந்து மூணு நாலு மீட்டர் தள்ளியே ஆரம்பிச்சு, கோடு கோடா, அரை மீட்டருக்கு ஒரு கோடு, முடிஞ்சவரை முக்கால் மீட்டருக்கு மேல ஆழம், அப்புறம் குறுக்கே இன்னொரு தடவை. வளைக்குள்ள புகை போடுறது தனி பர்மிட் வேணும், அந்த வாயு நமக்கும் நாய்க்கும் எமன், நான் தொடறதில்ல.

ஒரு மாசம் வரைக்கும் வாராவாரம் நாயோட அந்த இடத்தைச் சுத்திப் பாருங்க. மூணாவது வாரம் மணி ஒரு ஓரமா போய் சொல்லாமலே படுத்தான். எனக்கு அங்க ஒண்ணும் தெரியல, வெறும் மண்ணுதான். குனிஞ்சு பார்த்தா காஞ்ச புல்லுக்கு அடியில கையகலத்துக்கு ஒரு புது ஓட்டை. மண்வெட்டியை எடுத்துட்டு வர யூட்டுக்குப் போயிட்டு வந்தேன், அது வரைக்கும் அவன் அந்த ஓட்டையை முறைச்சுக்கிட்டே இருந்தான், நான் "போதும்"னு சொன்ன பிறகுதான் எந்திரிச்சான்.